அனிமே, மாங்கா, வலையொலி: நம் பிள்ளைகள் காதில் விழுவது என்ன?

சமணத்தில் இல்லறத்தாருக்குச் 'சாவகர்' என்று பெயர். சிராவகர் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் இது. மதுரைக்காஞ்சியிலேயே இச்சொல் வந்துவிட்டது. இதன் நேர்ப்பொருள் 'கேட்பவர்' என்பதாகும். துறவியர் சொல்லும் அறத்தைக் காதால் கேட்டு, அதன்படி நடப்பவர் என்பதால் வந்த பெயர். திருவள்ளுவரும் கல்விக்கு 40-ஆம் அதிகாரம், கல்லாமைக்கு 41-ஆம் அதிகாரம் என்று வைத்துவிட்டு, அடுத்த 42-ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். ஏடு படிக்க வாய்க்காதவனும் காதைத் திறந்து வைத்தால் அறிவு பெறலாம் என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் எதையோ கேட்கிறார்கள். சில சமயம் தனியாகச் சிரிக்கவும் செய்கிறார்கள். "என்னப்பா கேக்குற?" என்றால், "அனிமே பாட்காஸ்ட்" என்று பதில் வருகிறது. அதற்கு மேல் கேட்க நமக்குத் தெம்பு இருப்பதில்லை. "மாங்கா" என்று அவர்கள் சொன்னால் நமக்கு உப்பும் மிளகாய்த் தூளும்தான் நினைவுக்கு வருகிறது!

இந்த மூன்று சொற்களுக்கும் விளக்கம் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். கூடவே, தீவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் உள்ள ஒரு நல்ல வாய்ப்பையும் எடுத்துச் சொல்ல விழைகிறேன்.

மாங்கா, அனிமே

மாங்கா என்பது ஜப்பானியப் படக்கதை. ஓவியர் ஹோகுசாய் 1814 முதல் வெளியிட்ட ஓவியத் தொகுதிகளுக்கே 'ஹோகுசாய் மாங்கா' என்றுதான் பெயர். மனம் போன போக்கில் வரைந்த படம் என்று அச்சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். இன்று நாம் காணும் வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஒசாமு தெசுகா (1928 – 1989). மருத்துவம் படித்தவர், ஓவியத்துக்கு வந்துவிட்டார். 1952-இல் தொடங்கிய அவருடைய 'அணு' என்ற இயந்திரச் சிறுவனின் கதை 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சித் தொடராக வந்தது. அனிமே என்பது 'அனிமேஷன்' என்பதன் சுருக்கம். ஜப்பானியர் வெட்டிக் குறுக்கிய சொல். பெரும்பாலும் முதலில் வருவது மாங்கா; அது புகழ் பெற்றால் அனிமே ஆகும்.

இதே தெசுகா 1972 முதல் 1983 வரை புத்தர் வரலாற்றை ஒரு பெரும் படக்கதையாக எழுதினார். மகத நாட்டுச் செய்திகளையும் சிரமண இயக்கத்தையும் பற்றி ஜப்பானியச் சிறுவர்கள் படக்கதை வழியாக அறிந்தார்கள் என்பது நாம் அறியத்தக்கது.

ஜப்பானில் மாங்காவை வாசகரின் வயதைக் கொண்டு பிரிப்பார்கள். சிறுவருக்கு ஷோனென், சிறுமியருக்கு ஷோஜோ, வளர்ந்த ஆண்களுக்குச் செய்னென், பெண்களுக்கு ஜோசெய். 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழிலிருந்துதான் டிராகன் பால் (1984), ஒன் பீஸ் (1997), நருட்டோ (1999), டீமன் ஸ்லேயர் (2016) எல்லாம் வந்தன. உங்கள் பேரன் சட்டையில் இருக்கும் மஞ்சள் முடிக்காரப் பையன் இவர்களில் ஒருவனாக இருக்கக் கூடும்.

தமிழ்க் குடும்பங்களுக்குப் படக்கதை புதிதா என்றால், இல்லை. 1947-இல் வந்த அம்புலிமாமாவின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. 'இரும்புக்கை மாயாவி'க்காகக் காத்துக் கிடந்த தலைமுறை இன்று தாத்தா ஆகிவிட்டது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தபின், ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, எந்தக் கதை நன்று, எந்த மொழிபெயர்ப்பு மோசம் என்று சண்டை போட்ட வாசகர்கள் உண்டு. இதற்கு ஆங்கிலக்காரன் 'ஃபேண்டம்' என்று பெயர் வைத்திருக்கிறான். ரசிகர் கூட்டம் என்று நாம் சொல்வோம். பெயர்தான் புதிது.

ஜப்பானிய அனிமேயும் நம் வீட்டுக்கு வந்து நெடுநாள் ஆயிற்று. டோரேமான், ஷின்சான், நிஞ்ஜா ஹட்டோரி ஆகியவை தொலைக்காட்சியில் தமிழ்க் குரலிலேயே வந்தன. அனிமேக்கென்றே ஒரு சேனல் இந்தியாவில் 2004-இல் தொடங்கி 2017-இல் நின்றுபோனது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' என்ற படம் இந்தியத் திரையரங்குகளில் தமிழ்க் குரலிலும் வெளியானது. ஆக, நம் பிள்ளைகளுக்கு இது தூரத்து நாட்டுச் சரக்கு என்ற எண்ணமே கிடையாது. அவர்களுக்கு அது உள்ளூர்ச் சரக்கு.

வலையொலி

பாட்காஸ்ட் என்பதை நாம் வலையொலி என்கிறோம். 2004 பிப்ரவரியில் பென் ஹேமர்ஸ்லி என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 'ஐபாட்' என்ற பாட்டுப் பெட்டியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து இப்பெயரை எழுதினார். 2005-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மென்பொருளில் வலையொலிக்கு இடம் கொடுத்தது. அதன்பின் உலகமெங்கும் பரவிற்று. ஐபாட் பெட்டியின் தயாரிப்பு 2022-இல் நின்றுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இது இயங்கும் விதம் எளிது. ஒருவர் பேசிப் பதிவு செய்த ஒலிக்கோப்பை இணையத்தில் ஓரிடத்தில் வைக்கிறார். அதனோடு ஒரு பட்டியலையும் வைக்கிறார். தலைப்பு, தேதி, குறிப்பு, கோப்பு இருக்குமிடம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். நம் போனில் உள்ள செயலி அவ்வப்போது அந்தப் பட்டியலைப் போய்ப் பார்க்கும். புது அத்தியாயம் வந்திருந்தால் நமக்குச் சொல்லும். வேண்டுமென்றால் இறக்கி வைத்துவிடும். பத்திரிகைக்குச் சந்தா கட்டியது போலத்தான். பெரும்பாலும் பணம் மட்டும் கிடையாது.

வானொலிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வானொலியில் நிகழ்ச்சி நேரத்துக்கு நாம் போக வேண்டும். இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்காக வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். வலையொலியில் நிகழ்ச்சி நம் நேரத்துக்கு வரும். இன்னொன்று, வானொலி நிலையம் வைக்க அரசாங்க அனுமதி, கோபுரம், பொறியாளர் எல்லாம் வேண்டும். 1963-இல் இங்கே போர்ட் பிளேரில் வானொலி நிலையம் வந்தது அக்காலத்தில் தீவுக்கே பெரிய செய்தி. வலையொலிக்கு ஒரு போனும் ஓர் அமைதியான அறையும் போதும்.

தீவுக்காரர்களான நமக்கு இன்னொரு கணக்கும் முக்கியம். 2020 ஆகஸ்ட் 10-க்கு முன்னால் நம் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஒரு படம் திறக்கிறதுக்குள் டீ ஆறிவிடும். அன்றுதான் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழைக் கம்பி திறந்து வைக்கப்பட்டது. சுவராஜ் தீவு என்று 2018-இல் பெயர் மாறிய ஹேவ்லாக், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரை அது போகிறது. ஆனாலும் கப்பலில் ஏறிவிட்டால் சிக்னல் இருக்காது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் பெற்ற நம் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் சுமார் மூன்று நாள். ஒரு மணி நேரப் பேச்சை 64 கிலோபிட் அளவில் பதிந்தால் சுமார் 29 எம்.பி. தான் ஆகும். அதே ஒரு மணி நேரம் வீடியோ என்றால் பல நூறு எம்.பி. போய்விடும். பத்து அத்தியாயத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் கப்பல் பயணம் முழுக்கக் கேட்டுக்கொண்டே போகலாம். தீவு வாழ்க்கைக்கு இவ்வளவு பொருத்தமான சாதனம் வேறில்லை என்றால் மிகையாகாது.

விருந்து நெறியாளர்

அனிமே பற்றிய வலையொலி தொடக்க நாளிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் 'அனிமே வேர்ல்ட் ஆர்டர்' என்ற நிகழ்ச்சி 2005-இல் தொடங்கியது. மூன்று ரசிகர்கள் கூடி உட்கார்ந்து, பார்த்த தொடரைப் பற்றி விலாவாரியாக அலசுவார்கள். இப்படி ஒரே ஆட்கள் வாரந்தோறும் பேசும்போது ஒரு சிக்கல் வரும். ஒருத்தர் என்ன சொல்வார் என்று இன்னொருத்தருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கேட்பவருக்கும் தெரிந்துவிடும். கடையில் தினம் வந்து உட்காரும் நாலு பேர் பேச்சு மாதிரி ஆகிவிடும்.

அதற்கு மருந்தாகத்தான் 'விருந்து நெறியாளர்' என்ற ஏற்பாடு பல நிகழ்ச்சிகளில் உள்ளது. பேட்டிக்கு வரும் விருந்தினர் வேறு; இவர் வேறு. பேட்டிக்கு வருபவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போவார். விருந்து நெறியாளரோ அன்றைக்கு நிகழ்ச்சியை நடத்துபவர்களில் ஒருவர். கேள்வியும் கேட்பார், மறுத்தும் பேசுவார், அன்றைய தலைப்பைத் தேர்வதிலும் பங்கு இருக்கும்.

'ஷோனென் ஃப்ளாப்' என்றொரு வலையொலி உண்டு. ஷோனென் ஜம்ப் இதழில் தொடங்கி, ஓடாமல் பாதியில் நிறுத்தப்பட்ட கதைகளை மட்டும் எடுத்துப் பேசுவது அதன் வேலை. நிலையான நெறியாளர்களோடு விருந்தாக ஒருவரும் வந்து உட்கார்வார். வென்ற கதையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். தோற்ற கதை ஏன் தோற்றது என்று பேசுவதில்தான் தொழில் நுணுக்கம் தெரியும். கடை நடத்துபவனுக்கு இது நன்றாகப் புரியும். 2021-இல் வந்த 'மாங்காஸ்பிளெய்னிங்' இன்னும் சுவையானது. அதில் மாங்காவை நன்கு அறிந்தவர்களோடு, அதைப் பற்றி அதிகம் அறியாத ஒரு காமிக்ஸ் எழுத்தாளரும் உட்கார்கிறார். வாரம் ஒரு புத்தகத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். தெரியாதவர் கேட்கும் கேள்வி தெரிந்தவர்களைத் திக்குமுக்காட வைக்கிறது. தெரியாதவருக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு என்பதைக் கவனியுங்கள். பெரியவர்களாகிய நாம் உட்காரக் கூடிய நாற்காலி அதுதான்.

பலர் வந்து சொல்ல, ஒருவர் தொகுப்பது தமிழுக்குப் பழைய வழக்கம். நாலடியார் பிறந்த கதையை எண்ணிப் பாருங்கள். எண்ணாயிரம் சமண முனிவர் பாண்டியனை விட்டுப் பிரியும்போது ஆளுக்கொரு வெண்பாவை எழுதி இருக்கைக்கடியில் வைத்துப் போனார்கள் என்றும், வையையில் இட்டபோது நானூறு ஏடுகள் எதிரேறி வந்தன என்றும் செவிவழிச் செய்தி. அவற்றைப் பதுமனார் நாற்பது அதிகாரமாக வகுத்தார் என்பர். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதிலுள்ள முறையைப் பாருங்கள். பலர் குரல், கழிக்க வேண்டியதைக் கழித்தல், ஒருவர் வரிசைப்படுத்துதல். இன்றைய வலையொலியில் இதற்கு எடிட்டிங் என்று பெயர். மூன்று மணி நேரம் பேசியதில் ஒரு மணி நேரம் மிஞ்சினால் நல்ல நிகழ்ச்சி.

தமிழில் பேசினால் என்ன லாபம்?

நம் தீவுப் பிள்ளைகள் இந்த நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கேட்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களில் நூற்றுக்கு 15 பேருக்குத் தமிழ் தாய்மொழி. ஆனால் கடைவீதியிலும் மைதானத்திலும் பொதுமொழி இந்தி. தமிழ்வழிப் பள்ளிகள் உண்டென்றாலும் பல குடும்பங்களில் தமிழ் என்பது அடுப்பங்கரை வரை ஓடும் மொழியாகிவிட்டது. "சாப்பிட்டியா, குளிச்சியா" என்பதோடு முடிகிறது. பிள்ளையின் மனசுக்குப் பிடித்த விஷயம் எதுவோ, அது வேறு மொழியில் நடக்கிறது. ஒரு மொழி வீட்டை விட்டுப் போவது இப்படித்தான். யாரும் துரத்துவதில்லை, பேச விஷயம் இல்லாமல் போய்விடுகிறது.

ஆனால் அனிமேயைப் பற்றிப் பேச ஆங்கிலத்தை விடத் தமிழே வசதியானது. இது வெறும் மொழிப்பற்றில் சொல்வதன்று. மூன்று சான்று தருகிறேன்.

முதலாவது, உறவுப் பெயர். ஜப்பானியத்தில் 'நீசான்' என்றால் அண்ணன், 'நேசான்' என்றால் அக்கா, 'ஒதோத்தோ' தம்பி, 'இமோத்தோ' தங்கை. ஆங்கிலத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே சொல். நருட்டோ கதையில் சசுகே தன் அண்ணனை 'நீசான்' என்று அழைக்கும் இடத்தில் ஆங்கிலக் குரல் வெறும் பெயரையோ 'பிரதர்' என்பதையோ சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கும். தமிழில் "அண்ணா" என்றால் போதும். அந்தக் கோபமும் பாசமும் ஒன்றாக வந்துவிடும். டீமன் ஸ்லேயர் நாயகன் தான்ஜிரோ, வலியைத் தாங்கும்போது 'நான் மூத்த பிள்ளை, தாங்குவேன்' என்ற கருத்தில் பேசுவான். அமெரிக்கப் பையனுக்கு இது வேடிக்கை. தகப்பன் ஊரில் இல்லாத வீட்டை நடத்திய நம் மூத்த பிள்ளைகளுக்கு இதற்கு உரையே தேவையில்லை.

இரண்டாவது, இரட்டைக்கிளவி. மாங்காப் பக்கங்களில் படத்தோடு ஒலிச்சொற்களை எழுதுவார்கள். கண் மின்னினால் 'கிராகிரா', நெஞ்சு அடித்தால் 'தோக்கிதோக்கி'. ஓசையே இல்லாத அமைதிக்குக் கூட ஓர் ஒலிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு இது பெரும்பாடு. நமக்கோ பளபள, படபட, சலசல, மினுமினு என்று தொல்காப்பியர் காலத்திலிருந்தே இலக்கணம் வகுத்த செல்வம் இருக்கிறது.

மூன்றாவது, வாக்கிய அமைப்பு. ஜப்பானியத்திலும் தமிழிலும் வினை கடைசியில் வரும். கடைசிச் சொல் வரும் வரை ஆவலைப் பிடித்து வைக்கும் உத்தி இரண்டு மொழிக்கும் பொது. பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் பிறப்புறவு உண்டு என்றே நூல்கள் எழுதினார். மொழியியலார் பலர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, ஒப்புமை இருக்கிறது. மொழிபெயர்ப்பவனுக்கு அது போதும்.

இவற்றையெல்லாம் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரு தமிழாசிரியரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்கும்? பிள்ளைக்குக் கதை தெரியும், ஆசிரியருக்கு இலக்கணம் தெரியும். விருந்து நெறியாளர் என்ற ஏற்பாட்டின் பயன் இதுவே.

நம்மிடம் உள்ள சரக்கு

தமிழில் நல்ல வலையொலிகள் ஏற்கெனவே உண்டு. தீபிகா அருண் 'கதை ஓசை'யில் கதைகளைக் குரலாக்கித் தருகிறார். ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ், வானொலியாகவும் வலையொலியாகவும் வருகிறது. அவர்கள் சொல்ல முடியாததை நாம் என்ன சொல்லப் போகிறோம் என்று கேட்கலாம். தீவுக்காரரிடம் மட்டும் உள்ள சரக்கு ஒன்று உண்டு. அது கசப்பானது.

ஜப்பானியர் கதைப் புத்தகமாக வருவதற்கு முன் இங்கே படையாக வந்தார்கள். 1942 மார்ச் 23 அன்று போர்ட் பிளேரில் இறங்கியவர்கள் 1945 அக்டோபர் வரை ஆண்டார்கள். 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இங்கே கொடியேற்றினார் என்பதைப் பள்ளியில் படிக்கிறோம். அடுத்த இரண்டு வாரத்தில், 1944 ஜனவரி 14 அன்று, மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் சித்திரவதையால் செல்லுலார் சிறையில் உயிர் விட்டார். ஜனவரி 30 அன்று ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரை ஒற்றர் என்று சொல்லிச் சுட்டுப் புதைத்தார்கள். ஜப்பானியர் கட்டிய பதுங்கு அறைகள் இன்றும் கடலோரத்தில் நிற்கின்றன. நம் பிள்ளைகள் அதன்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அதே பிள்ளையின் சட்டையில் ஜப்பானியக் கதாநாயகன்.

இதற்காக, பிள்ளையிடமிருந்து மாங்காவைப் பிடுங்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. ஏனென்றால் அந்தப் போரைப் பற்றிக் கடுமையாக எழுதியவர்களில் மாங்கா ஓவியர்களும் உண்டு. ஷிகேரு மிசுகி என்பவர் படைவீரராக ரபவுல் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, குண்டுவீச்சில் இடக்கையை இழந்தவர். மீந்த கையால் வரைந்தார். வீரர்களை வீணாகச் சாகச் சொன்ன தளபதிகளைப் பற்றி 1973-இல் ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு கெய்ஜி நகசாவா ஹிரோஷிமாவைப் பற்றி 'வெறுங்கால் கென்' என்ற தொடரைத் தொடங்கினார். ஆறு வயதில் அணுகுண்டில் தகப்பனையும் உடன்பிறந்தோரையும் இழந்தவர் அவர். இவற்றில் ஒன்றைப் பிள்ளைகள் படித்துவிட்டுப் பேசட்டும். விருந்து நெறியாளராக, 'பிரி-42' என்று இங்கே நாம் அழைக்கும் பழைய குடும்பங்களிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வரட்டும். அவர் இந்துஸ்தானியில் பேசினால், பிள்ளை தமிழில் சொல்லட்டும். அன்று பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். அவர்களில் எஞ்சியிருப்பவர் மிகச் சிலரே. அந்தக் குரலைப் பதிய நமக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

கசப்பு மட்டுமே நம் சரக்கு என்று நினைக்க வேண்டாம். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் இந்தியக் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து எடுத்த இராமாயண அனிமே 1992-இல் முடிந்தது; 2025 ஜனவரி 24 அன்று தமிழ்க் குரலிலும் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் வருவது வால்மீகி வழிக் கதை. எங்கள் சமண மரபில், தமிழ் ஸ்ரீபுராணத்திலும், இராவணனை வீழ்த்துபவன் இலக்குவன். அகிம்சை வழுவாதவன் இராமன். இதை ஒரு சமணப் பெரியவரும், கம்பனைப் படித்த ஒருவரும், படத்தைப் பார்த்த ஒரு பிள்ளையும் சேர்ந்து பேசினால் ஒரு மணி நேரம் போதாது. கச்சாலில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த தாயகம் திரும்பிய குடும்பத்துப் பாட்டிகளிடம் மலையகத்துப் பேய்க் கதைகள் இருக்கும். மிசுகியின் பேய்க் கதைகளுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்துப் பார்க்கலாம்.

தொடங்குவது எப்படி?

செலவு அதிகமில்லை. சாதாரணமாக ஒரு மைக் வாங்கினால் போதும். போனில் உள்ளதைக் கொண்டும் தொடங்கலாம். அறைதான் முக்கியம். மின்விசிறியை நிறுத்துங்க. துணி நிறைந்த அறை நல்லது; எதிரொலி இருக்காது. தகரக் கூரை வீடாக இருந்தால் மழை நாளில் பதிவு செய்ய வேண்டாம். நமக்கு வருஷத்தில் பாதி மழை என்பதால் மழை நின்றவுடன் இரண்டு மூன்று அத்தியாயம் சேர்த்துப் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

வெளித்தீவில் உள்ளவரைச் சேர்ப்பதென்றால், போனில் பேசும் ஒலியைப் பதியாமல், அவரவர் முனையில் அவரவர் குரலைத் தனியே பதிந்து பின்னர் இணைக்க வேண்டும். லைன் அறுந்தாலும் குரல் அறாது. வெட்டி ஒட்ட 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பை வைக்க ஸ்பாட்டிஃபை போன்றவை இலவசமாகவே இடம் தருகின்றன.

விருந்து நெறியாளருக்குத் தலைப்பை ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். எந்தப் படம், எத்தனையாவது அத்தியாயம் வரை பேசப் போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். கதையின் முடிவைப் போட்டு உடைத்தால் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள். அதற்கு முன்னெச்சரிக்கை சொல்வது மரபு. படத்தின் ஒலியையோ பாட்டையோ எடுத்துச் சேர்க்க வேண்டாம். உரிமைச் சிக்கல் வரும். நம் குரலும் நம் கருத்தும் போதும்.

ஒன்றை மட்டும் கட்டாயமாக்கலாம். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தலைப்பும் பத்து வரிக் குறிப்பும் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பிள்ளைகளே எழுத வேண்டும். பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளை, தன் நிகழ்ச்சி என்ற ஆசையில் எழுதக் கற்கும். வள்ளுவர் கல்விக்குப் பின் கேள்வியை வைத்தார். நம் தீவில் கேள்வியிலிருந்து கல்விக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

பெற்றோர் கவனத்துக்கு

எல்லா அனிமேயும் சிறுபிள்ளைகளுக்கு ஆனதல்ல. 'கார்ட்டூன்தானே' என்று விட்டுவிடக் கூடாது. ரத்தம் தெறிக்கும் காட்சிகள் பலவற்றில் உண்டு. இந்தியத் திரைப்படச் சான்றிதழில் 2024 முதல் 7, 13, 16 என்று வயதைக் குறிப்பிடுகிறார்கள், அதைப் பாருங்க. எங்கள் மரபில் வந்தவனுக்குக் கொலைக் காட்சி உவப்பாக இராது. ஆனாலும் டீமன் ஸ்லேயரில் தான்ஜிரோ தான் வீழ்த்திய அரக்கனுக்கும் இரங்குகிறான். அந்த இரக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்க. தடுத்தால் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும். கேட்டால் சொல்லும், தமிழில் கேட்டால் தமிழிலேயே சொல்லும்.

சங்கத்தில் பொங்கல் விழா, திருக்குறள் ஒப்பித்தல், பட்டிமன்றம் எல்லாம் நடத்துகிறோம். நல்லதுதான். அங்கே நாம் பேசுகிறோம், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் அவர்கள் பேசுவார்கள், நாம் விருந்தாளியாகப் போக வேண்டும். போக வெட்கப்பட்டால், பேரப்பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை வேறு மொழியில் பேசிக்கொண்டு வளர்ந்துவிடுவார்கள். சங்கக் கட்டடத்தில் மாடியறை ஒன்று சும்மா இருந்தால் வாரத்தில் ஒரு மாலை அதைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடலாம். ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு மைக். நாலாவது நாற்காலி நமக்கு.